கிடங்குச் சந்துக்குத் திரும்பிய அம்புக்குறி

பாரிஸ், லா ஷப்பல். நவம்பர் 2013.

என் பெயர் சுபாஷினி. தந்தை பெயர் ராஜேந்திரன். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் ஈரோடு. 2009-ஆம் ஆண்டு படிக்க வந்து, படிப்பு முடிந்தபின் வரைபடம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, லா ஷப்பல் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் தனியாக வசித்து வருகிறேன். எனக்குப் பிரெஞ்சு பேச வரும். ஆனாலும் இதைத் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று நான் கேட்டுக்கொண்டதால், காவல் அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து விசாரிக்க, நான் சொல்வதாவது:

எங்கள் பகுதியில் நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வழிகாட்டிப் பலகைகள் வைப்பதற்காக, இங்கு வசிப்பவர்கள் சேர்ந்து சென்ற ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் தலைவர் கபிரியேல். பாண்டிச்சேரிக்காரர், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவர். அவரை நான் அண்ணா என்று கூப்பிடுவேன். என் அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியாமல் இருந்த என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அவரும் அவர் மனைவியும் சாப்பிட வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர் கேட்டதால்தான் சங்கத்துக்கு வரைபடம் போட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

மெத்ரோ நிலையத்திலிருந்து கால்வாய்க்கரைக்குச் சைக்கிளில் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கடைகளின் சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் குறுகிய சந்து. மற்றது கடைத்தெரு. அதில் சைக்கிள் போக வேண்டுமானால் கடைகளுக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தை எடுக்க வேண்டும். முந்தின ஆண்டு அந்தச் சந்தில், சமையல் வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த யேசுரட்ணம் என்பவர், பின்னோக்கி வந்த லாரியில் அடிபட்டு இறந்திருந்தார். கடைத்தெரு வழிதான் வேண்டும் என்று அவருடைய மனைவி றெஜினா சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றும், அவரைக் கூட்டத்துக்கு அழைத்து வரும்படியும் கபிரியேல் என்னிடம் சொன்னார்.

அதன் பிறகு நான் றெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் தடவை கதவைத் திறக்கவில்லை. பிறகு போனபோது தேநீர் தந்து, வர மாட்டேன் என்றார். கடைசியில், நான் பக்கத்தில் உட்கார்வதானால் வருவதாகச் சொல்லி வந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, "அந்தச் சந்துக்கை இனி ஒருத்தரையும் அனுப்பாதேங்கோ. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் கடைத்தெரு வழிக்கே கை தூக்கினார்கள். கபிரியேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு றெஜினா அக்கா எந்த வேலைக்கும் வராமல் இருந்ததில்லை. நாங்கள் அட்டையில் அம்புக்குறி வெட்டி விளக்குக் கம்பங்களில் கட்டி, வழி தெரியாதவர்களை நடக்கவிட்டு, அவர்கள் எந்த மூலையில் தயங்கி நிற்கிறார்கள் என்று பார்த்து, அங்கே ஒரு பலகை வேண்டும் என்று குறித்தோம். அக்கா கம்பத்தோடு அட்டையைப் பிடித்துக்கொள்வார், நான் கயிறு கட்டுவேன். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

இந்த ஆண்டு செப்டம்பரில் வேலை விஷயமாக நான் லியோனில் இருந்தபோது பலகைகளை மாட்டினார்கள். திறப்பு விழா அன்று காலையில்தான் திரும்பி வந்தேன். பலகையை மூடியிருந்த துணியை இழுத்ததும் சைக்கிள் அம்புக்குறி கிடங்குச் சந்தைக் காட்டியது. தவறாக மாட்டிவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தேன். கபிரியேலைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

அவர், "மார்ச்ல நகரசபை எலெக்சியோன் வருது, சுபா. வேட்பாளர் லிஸ்த்ல என் பேர் இருக்கணும்னா கடைக்காரங்க தயவு வேணும். பார்க்கிங்கை எடுத்தா அவங்க விட மாட்டாங்க. பலகைதானே, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்.

றெஜினா அக்காவிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். போன வாரமே சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் அந்தச் சந்தை அளந்து பார்த்து, இப்போது ஆபத்தில்லை என்று சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். ஏன் என் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "நீ சொன்னாத்தான் அவங்க நம்புவாங்க" என்றார்.

அக்கா அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். நான் அருகில் போனேன். "நீங்கள் சரியெண்டு சொன்னதெண்டு அவர் சொன்னவர். அதாலை நான் ஒண்டும் கதைக்கேல்லை, தங்கச்சி" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். பேச்சை நிறுத்துவதற்காக ஆட்டியது போல இருந்தது. அதன் பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் அழைத்தால் அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பலகையை மாற்றச் சொன்னேன். என்னிடம் கேட்டுத்தான் முடிவெடுத்ததாகக் கபிரியேல் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள்.

இன்று காலை வேலைக்குப் போகும்போது, பின் இருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு பெண், அந்தப் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சந்துக்குள் திரும்பினாள். உள்ளேயிருந்து லாரி பின்னோக்கி வந்தது. நான் கத்தியதில் ஓட்டுநர் நிறுத்தினார். அவள் சைக்கிளோடு சுவரில் சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் ஏணியும் ஸ்பானரும் இரவல் வாங்கி, எல்லோரும் பார்க்க அந்தப் பலகையைக் கழற்றி, சுமந்து கொண்டுபோய்ச் சங்க அலுவலக வாசலில் சாய்த்து வைத்தேன். காவல்துறையை அழைத்தவர் கபிரியேல்.

இங்கே காவல் நிலைய நடைக்கூடத்தில் அவர் என் அருகில் வந்து, மன உளைச்சலில் செய்துவிட்டதாக நான் சொன்னால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். "ஒரு வார்த்தை சொல்லிடு. உன் கார்த் தெ செழூர் வேற புதுப்பிக்கணும்ல" என்று, இந்த நாட்டில் நான் தங்குவதற்கான அனுமதி அட்டையையும் நினைவூட்டினார். என் அப்பா இறந்தபோது என்னைச் சாப்பிடச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். அவரைத் தாண்டி இந்த அறைக்குள் வந்தேன். அதிகாரிக்குச் சொல்கிறேன்: தெளிந்த புத்தியோடுதான் செய்தேன். அந்த அம்புக்குறியை மறுபடி அதே இடத்தில் மாட்டினால் மறுபடியும் கழற்றுவேன்.

இந்த வழக்கில் றெஜினா அக்காவை விசாரித்தால், கேள்வி கேட்பதற்கு முன்னால் என்னுடைய இந்த வாக்குமூலத்தைத் தமிழில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அப்படி உறுதி தர முடியாது, கேட்டதாக எழுதி வைக்கிறேன் என்று அதிகாரி சொன்னார். எழுதி வைக்கச் சொன்னேன்.

எழுதியதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். பலகையைச் "சேதப்படுத்தினேன்" என்று இருந்த இடத்தில் "கழற்றினேன்" என்று திருத்தச் சொல்லி, திருத்திய பின் மீண்டும் வாசிக்கக் கேட்டேன். இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது, நடந்தது, உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்)
சுபாஷினி ராஜேந்திரன்