பக்கத்தில் நின்றால் ஆறு

தேயிலைத் தோட்டங்களில் கலவரம் நடந்ததற்கு அடுத்த வருஷம், தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஸீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"எதிரி பக்கத்துல நின்னா, துப்பாக்கிக்காரனுக்கு ஆறு விழணும். அந்தச் சட்டத்த மாத்திருவோமா, மாஸ்டர்?"

எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் ஒரு கொப்பியும் தாயக்கட்டையும் இருந்தன. ஆளுக்கொரு வேஷம் எடுத்து, கட்டை உருட்டிக் கதையை நடத்தும் விளையாட்டாம். சுட்டது படுவதற்கு எத்தனை விழ வேண்டும் என்பதெல்லாம் கொப்பியில் எழுதியிருந்தது.

"எதுக்குங்க மாத்தணும்?" என்றார் மாஸ்டர்.

"தூரத்துல நின்னா மூணு போதும்னு இருக்கு. பக்கத்துல சுடுறதுதானே லேசு?"

"என் தம்பி எழுதினதுங்க அது."

"தெரியும். அந்த எடம் வந்தாலே நீங்க பேச்ச நிப்பாட்டிர்றீங்க. அதான் கேட்டேன்."

மாஸ்டர் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தார்.

"மொகத்தப் பக்கத்துல பாத்துட்டா மனுசனுக்குக் கை நடுங்கும்னு சொல்லுவான். நாங்க குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வச்ச அன்னிக்கு, துப்பாக்கி வச்சிருந்தவன்கிட்ட அவனாத்தான் நடந்து போனான். பேசிப் பாக்குறேன்னான். ரெண்டடி தூரத்துல வச்சுச் சுட்டுட்டாங்க. போகாதேன்னு நான் ஒரு வார்த்த சொல்லல."

"ஏங்க சொல்லல?"

"நானும் நம்பினேங்க."

கேட்டவர் கொப்பியை மூடப் போனார். "அப்ப அப்படியே இருக்கட்டுங்க."

"இல்ல, மாத்துங்க. ஒன்னு விழுந்தாலே போதும்னு எழுதுங்க."

கொப்பி வைத்திருந்தவர் பேனாவைத் திறந்தார். லிந்துலை வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார். எழுதவில்லை.