பெயரை மட்டும் மாற்றினால் போதும்

செஞ்சி தாலுகா ஆபீஸ் பக்கம் இருக்கும் எங்கள் டிடிபி கடையில் யாருக்கும் புதிதாக மனு அடிப்பதில்லை. பட்டா மாற்றமோ வேலித் தகராறோ, பழைய மனு ஒன்றைத் திறந்து பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டுப் பிரிண்ட் கொடுப்போம். ஒருமுறை அவசரத்தில், தளவானூர்க்காரர் ஒருவருக்கு விதவை உதவித்தொகை கேட்டு அடித்துவிட்டேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நல்லவேளை, கூட வந்த அவர் மனைவி படித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் எனக்கு. அதனால்தான் இன்ஸ்பெக்டர் ஜெயஸ்ரீ மேடம், உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்குச் சிரமம் வேண்டாம், வாக்குமூலத்தை நானே அடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

என் நாத்தனார் அன்புக்கரசி கொடுத்த புகாரைப் படித்தேன். ‘என் அண்ணனை அண்ணி பைத்தியமாக்கிவிட்டார்’ என்று இருக்கிறது. எங்கள் கடைக்கு வர முடியாததால் வேறு கடையில் அடித்திருக்கிறார், ஒரே பக்கத்தில் ஐந்து பிழை. விஷயத்திலும் ஒரு பிழை உண்டு. அவள் அண்ணனுக்குப் பைத்தியம் இல்லை. ஞாபகம் போய்விட்டதென்று நம்புகிறார், அவ்வளவுதான்.

என் கணவர் ராஜாங்கம் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார், எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். ஊருக்கு அது வேடிக்கை. வீட்டில் எனக்கு எதிராக அது ஒரு நிரந்தர சாட்சி. கல்யாணமான மூன்றாவது வெள்ளிக்கிழமை நான் பாலைப் பொங்கவிட்டதை இன்றைக்கும் சொல்வார். கோபமாகச் சொல்லமாட்டார், டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போலச் சொல்வார். அவரோடு சண்டை போட்டு நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

அவர் ரிட்டயர் ஆனதும், சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன் இனியன் தன் பழைய லேப்டாப்பில் ஓர் எமுலேட்டர் போட்டுக் கொடுத்தான். டிவியோடு சேர்த்து விளையாடுகிற பழைய ஜப்பான் கேம் பெட்டி மாதிரி கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர் அது. உள்ளே விவசாய விளையாட்டு. வல்லத்தில் இருக்கும் சொந்தக் கழனியில் பத்து வருஷமாகக் கால் வைக்காத மனிதர், டிபன் முடிந்ததும் “கழனிக்குப் போறேன்” என்று லேப்டாப் முன் உட்கார்ந்து முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்றுவார். உள்ளே மழை வந்தால் எனக்குக் குரல் கொடுத்துச் சொல்வார். வெளியே கோட்டை மலைப் பாறை அனல் கக்கிக்கொண்டிருக்கும்.

லேப்டாப் ஒருமுறை மக்கர் செய்தபோது இனியன் போனில் சொல்லித் தந்தான். எமுலேட்டரின் செட்டிங்ஸில், விளையாட்டை எந்த ஃபோல்டரில் சேமிக்க வேண்டும் என்று நாமே காட்டலாம். எதைக் காட்டுகிறோமோ, அதில் இருப்பதுதான் நேற்றுவரை நடந்தது என்று அந்த விளையாட்டு நினைத்துக்கொள்ளும். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் திறந்து காட்டினேன். கடைப் பழக்கம், வாரம் ஒரு நகலும் எடுத்து வைத்தேன்.

போன சித்திரையில் இட்லிக் குண்டான் மூடி காணாமல் போனது பற்றிப் பேச்சு வந்தது. பதினொரு வருஷத்துக்கு முந்தைய பொங்கலுக்கு நான்தான் அதை என் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன் என்றார். அக்காவுக்குப் போன் போட்டேன். மூடி அங்கேதான் இருந்தது. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் செட்டிங்ஸைத் திறந்து, மூன்று வாரத்துக்கு முந்தைய நகலைக் காட்டினேன். செய்தது இவ்வளவுதான்.

அவர் வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் வாங்கிய மாட்டைக் காணோம். அறுத்த பூசணி மறுபடி பூவாக நின்றது.

“ரஞ்சனி, நேத்து நான் மாடு வாங்குனேன்ல?”

“இன்னாங்க, போன வாரமும் இதையேதான கேட்டீங்க.”

நான் சொன்ன இந்தப் பதில் திட்டத்தில் இல்லை, தானாக வந்தது. அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மூடி பற்றிப் பேசவில்லை. நான் அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது மேடம், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு ஒருநாள் மாட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு நாள் பிடுங்கிக்கொண்டேன். ஆடி மாதத்துக்குள் பதினேழு ஃபோல்டர் ஆகிவிட்டது. கேஸ் அடுப்பை மூடினோமா என்று அவர் மூன்று முறை போய்ப் பார்க்க ஆரம்பித்தார். ஸ்கூட்டர் சாவியை அவராகவே என் கையில் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூட்டாளிகள் பெயர் மறந்து அவமானப்பட வேண்டாமென்று அங்கே போவதை நிறுத்தினார். இதிலெல்லாம் என் கை படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். மூளையில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். இவர்தான், இல்லை சார், எனக்கு மறதி என்று அவரோடு வாதாடி மாத்திரை வாங்கினார். சாப்பிட்டால் தூக்கம் வருகிற மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்துவருகிறேன்.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார். நான் சொல்லச் சொல்ல, எறும்பு மாதிரி பொடிப்பொடியான கண்டக்டர் கையெழுத்தில் எழுதிக்கொள்வார். தங்கச்சியிடம் கேட்டுச் சரிபார்க்கலாமா என்று ஒருநாள் இழுத்தார். அவளோடு நீங்கள் சண்டை போட்டு, வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டீர்களே என்றேன். அதையும் எழுதி அடிக்கோடு போட்டார். பாவம், கொஞ்ச நேரம் அழுதார். அன்புக்கரசி இரண்டு முறை வந்தபோதும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இனி வருவது புகாரில் இல்லை. ஆனாலும் மனு என்றால் முழுசாக இருக்க வேண்டும்.

எங்கள் மூத்த பெண் சுவாதி. நாலு வயசு. இனியன் அப்போது பிறக்கவில்லை. புரட்டாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிருந்தோம். திரும்பும்போது ஸ்பெஷல் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்க அவர் ஓடினார். ஓடும்முன் சுவாதியின் கையை என் கையில் கொடுத்தார். நான் வளையல்காரரிடம் நின்றிருந்தேன். கண்ணாடி வளையல் போட்டுவிட, கையைக் குவித்துக் கொடுக்க வேண்டும். ஒரு கைக்கு ஆனது. இன்னொரு கைக்காகக் குழந்தையை விட்டேன். பின்னால் வந்த வேன் டிரைவருக்கு அவ்வளவு சின்ன உருவம் தெரியவில்லை.

யார் கேட்டாலும் அவர் சொல்வார், சனிக்கிழமை, மணி நாலு இருபது, புள்ளைய இவகிட்ட குடுத்துட்டுப் போனேன், பச்சை வளையல், ஒரு டஜன். உன்னால்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் தகவல் மட்டும் சொன்னார். இருபத்தாறு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று காபி கொடுத்தேன். அந்த மண்டையை எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன புரட்டாசியில் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு என் முன் வந்து உட்கார்ந்தார்.

“மத்தது போனா போவட்டும் ரஞ்சனி. சுவாதி விஷயம் மட்டும் போவக்கூடாது. அன்னிக்கு நடந்ததை வரிசையா சொல்லு, எழுதிக்கிறேன்.”

சொன்னேன். கிழமை, நேரம், வளையலின் நிறம், எண்ணிக்கை எதையும் மாற்றவில்லை. துண்டு போட ஓடியது நான் என்றேன். எனக்குத் தெரியாமல் வளையல் வாங்கிவைக்க நின்றது அவர் என்றேன். கடையில் செய்வதுதான். சம்பவம் அதே சம்பவம், பெயர்தான் வேறு. அவர் பேனா ஓர் இடத்தில் நின்றது. அப்புறம் எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

பொங்கலுக்கு வந்த இனியன் லேப்டாப்பில் பதினேழு ஃபோல்டரைப் பார்த்தான். பேக்கப் என்றேன். அவன் நம்பவில்லை, அத்தையைக் கூட்டிவந்தான். இருவருமாக நோட்டைப் படித்துவிட்டு, அவரை உட்காரவைத்து, நைனா, உங்களுக்கு மறதியே இல்லை, அன்னிக்குக் கையை விட்டது நீங்க இல்ல என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவர் நோட்டைப் பிரித்து நீட்டினார்.

“இது என் கையெழுத்துதான?”

அவ்வளவுதான் மேடம். இதற்கு எந்தச் சட்டப் பிரிவு என்று தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஆனால் என்னைக் கொடுமைக்காரி என்று எழுதுவதற்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் அமாவாசை தவறாமல் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடு ரஞ்சனி, புள்ளைய நான் விட்டிருக்கக் கூடாது என்று அழுகிறார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேறு யாராக இருந்தாலும் அந்த ஆளின் முகத்திலேயே விழித்திருக்க மாட்டாள். நான் அவரை முழுமனதோடு மன்னித்துவிட்டேன்.