நிறுத்தினாலும் திரும்ப வந்தது

இல்லக்கா, தண்ணி வேணாம். ஃபேன் சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு. சீலிங் ஃபேன் இல்ல, கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள சின்னதா ஒண்ணு சுத்துமே, அது. நல்லா இருட்டிருச்சு, பாப்பாவத் தட்டித் தூங்க வச்சுக்கிட்டு இருக்கேன். யாருமே தொடல, அது பாட்டுக்கு இரையுது. அருள் செகண்ட் ஷிஃப்டுக்குப் போயாச்சு. வீட்ல நானும் நிலாப் பாப்பாவும்தான்.

கான்வென்ட்ல ஒரு சிஸ்டர் எங்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தாங்க. சும்மா கிடக்கிற மெஷின் இரைஞ்சா டாஸ்க் மேனேஜரத் தெறந்து பாருங்கடிம்பாங்க. பாத்தேன். உள்ள என்னென்ன ஓடுது, எது எவ்வளவு மெமரி திங்குதுன்னு வரிசையா காட்டும். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, மெமரியில பாதி அதுக்குத்தான். பேரு விண்டோஸோட சொந்தப் பேரு மாதிரியே இருக்கு. நிறுத்துனேன். திரும்ப வந்துச்சு. மறுபடி நிறுத்துனேன். மறுபடி வந்துச்சு.

அது எங்கேருந்து ஓடுதுன்னு தேடிப் போனா ஒரு ஃபோல்டர். உள்ள பூராவும் நான்தான்க்கா. பாப்பாவுக்குப் பால் குடுக்குறப்ப, தலை துவட்டுறப்ப, சும்மா சுவத்தப் பாத்து உக்காந்திருக்குறப்ப. ஸ்க்ரீன் மேல இருக்குற கேமரா எடுத்தது.

வைரஸா? நானும் அப்படி இருக்கட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன்.

உங்ககூட ஏன் பேச்ச நிறுத்துனேன்னு இப்பவாவது தெரியுதா? வேலையிலேருந்து அருள் போன் பண்ணுவாரு. மத்தியானம் ஏன் சாப்பிடல, அம்மாகிட்ட போன்ல எதுக்கு அழுதன்னு கேப்பாரு. ப்ளாக்ல யாரோ போட்டுக் குடுக்குறாங்கன்னு நெனச்சேன். எதிர்வீடு நீங்கதான, உங்க மேலதான் சந்தேகம்.

அவருக்கு ப்ளான்ட் கன்ட்ரோல் ரூம்லயும் அதான வேலை. மீட்டர் ரீடிங் பாத்துக்கிட்டே இருக்கணும், ஒண்ணு கூடவோ குறையவோ ஆனா எந்திரிச்சுப் போய்ப் பாக்கணும். ரொம்பக் கவனமான ஆளுன்னு எல்லாரும் சொல்றாங்க. போன மாசம் நம்ம ப்ளாக்ல கரண்ட் போச்சே, அன்னிக்குப் படம் அவருக்குப் போய்ச் சேரல போல. பாதி ஷிஃப்ட்ல வந்து நின்னாரு. இந்த விரல் அன்னிக்குத்தான். கதவுல நசுங்கிருச்சுன்னு கீழ எல்லார்கிட்டயும் சொன்னேன். பொய் இல்ல, கதவுலதான் நசுங்குச்சு. சாத்துனது யாருன்னு ஒருத்தரும் கேக்கல.

இன்னிக்கு விடல நான். அத திரும்பத் திரும்ப எழுப்பி விடுற இன்னொண்ணு பட்டியல்ல கீழ ஒளிஞ்சுகிட்டு இருந்துச்சு. முதல்ல அத நிறுத்துனேன், அப்புறம் இத. அடங்கிருச்சு. கேமரா லைட்டும் அணைஞ்சுது, ஸ்க்ரீனோட லைட்டுன்னுதான் இத்தன நாளும் நெனச்சேன்.

உடனே போன். ஹலோ கூட சொல்லலக்கா. எதுக்கு நிறுத்துனன்னு மட்டும் கேட்டாரு. பேசுறப்பவே பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டாரு.

அதான் பாப்பாவத் தூக்கிட்டு இங்க ஓடியாந்தேன். பொறுமையா சொல்லணும்னுதான் உக்காந்தேன், கதவு வெறுமனே சாத்தியிருக்கு பாருங்க. எந்திரிங்கக்கா. மேல் தாழ்ப்பாள். அதுவும் போதாது, கீழயும் போடுங்க. இன்னும் நல்லா அழுத்தி.

ஆங். விழுந்துருச்சு.