மச்சான் பிடித்த கயிறு

வாசலில் நிற்கிற வண்டி உங்களுடையது என்றால், ஐயா, அதன் செயினை இன்றைக்கே இழுத்துப் பூட்டச் சொல்லுங்கள். தொங்குகிறது. உள்ளே வரும்போதே கவனித்தேன். ஏட்டையா பேனாவுக்கு மை ஊற்றி முடிப்பதற்குள் நானே சரிசெய்து கொடுத்துவிடுவேன், ஆனால் இனிமேல் என்னை வெளியே விடமாட்டீர்கள். கடற்கரை ஊரில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவன் செயினையும் மறக்கக் கூடாது, உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தினம் ஒரு துடை துடைத்து வையுங்கள். துரு கிட்டே வராது.

என் பெயர் ரோச் மச்சாது. நேற்றுக் காலை சங்கு குளிக்கப் போன இடத்தில் செத்தானே தஸ்நேவிஸ், அவனுக்கு மச்சான். அவன் பெண்டாட்டி பிலோமி என் கூடப்பிறந்த தங்கை. அவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். தஸ்நேவிஸ் செத்ததை நீங்கள் விபத்து என்று எழுதிவிட்டீர்களாம். இன்று சாயங்காலம் பிலோமிக்குப் பக்கத்தில் அவனைப் புதைக்கப் போகிறார்கள். குழிகூட வெட்டியாயிற்று. அது நடக்கக் கூடாது. அதற்குத்தான் வந்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் தபால் கொண்டுபோகிற மோட்டார் சைக்கிள் ஓட்டினேன், பர்மா எல்லையில். சேறு, குண்டு விழுந்த பள்ளம், பாலம் இல்லாத ஆறு என்று எல்லாவற்றிலும் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவை விழுந்தது கிடையாது. வண்டி ஓட்டுவதில் என்மேல் குறை சொல்ல இந்தத் தூத்துக்குடியில் எவனுக்கும் யோக்கியதை இல்லை. சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துப் போட்ட பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் ஒன்றை மதராசில் ஏலத்தில் எடுத்து, அங்கிருந்து ஓட்டியே கொண்டுவந்தேன். இப்போது உப்பு லாரி ஓட்டுகிறேன். சங்குக் காலத்தில் மட்டும் லாரிக்கு லீவு சொல்லிவிட்டுத் தஸ்நேவிசுக்குக் கயிறு பிடிக்கப் போவேன்.

இந்த ஊரில் வண்டியைப் பார்க்கிறவன் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்பான். "அண்ணாச்சி, ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தன மைல் ஓடும்?" மாட்டுக்கு எத்தனை கட்டு வைக்கோல் ஆகும் என்று கேட்கிற புத்தி. பெட்ரோல் கூப்பனுக்கு நாய்படாத பாடு படுகிறவன் நான், எனக்குத் தெரியாதா அந்தக் கணக்கு. ஓட்டினால் எப்படி இருக்கும் என்று ஒருத்தன் கேட்டதில்லை. பிலோமி ஒருத்திதான் கேட்டாள். சொன்னேன். நாற்பது மைல் வேகத்தில் எஞ்சின் பாட ஆரம்பிக்கும், ஐம்பதில் ரோடே இல்லாத மாதிரி இருக்கும் என்றேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மெதுவாக ஓட்டுவது நல்லது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தப்பு. மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் சூடேறும். அந்த வண்டியைச் செய்தவன் ஓடுவதற்குத்தான் செய்தான். அதேபோல பஸ்ஸுக்குப் பின்னால் போவது மகா மடத்தனம். அவன் கிளப்புகிற புழுதி முழுக்கக் கார்புரேட்டருக்குள் போகும். முந்திவிட வேண்டும்.

தஸ்நேவிஸ் இதற்கெல்லாம் நேர் எதிர். பத்து பாகம், அதாவது அறுபது அடி ஆழம், அனாயாசமாக இறங்குகிறவன், வண்டியைக் கண்டால் நாலடி தள்ளித்தான் நிற்பான். நல்லவன் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், அதெல்லாம் சரிதான்.

செப்டம்பரில் மணப்பாடு குருசு கோவில் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்று பிலோமி ஆசைப்பட்டாள். பிள்ளை இல்லை, நேர்ச்சை வைத்திருந்தாள். அவனுக்குக் காய்ச்சல். பஸ்ஸில் போகட்டும் என்றான். நான் இருக்கும்போது என் தங்கை எதற்குப் பஸ்ஸில் இடிபட வேண்டும்? வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன். என் வண்டியில் பின்னால் சீட் கிடையாது, மூட்டை கட்டுகிற இரும்புக் கேரியர்தான். அதனால் அவன் காய்ச்சலோடு உட்கார்ந்து, பழைய பாய்மரத் துணியில் பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்தான். அதைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் தன் கையாலேயே கட்டினான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிவிட்டு, "மச்சான், முப்பதுக்கு மேல போவாத. அவ பயந்தவ. பயந்தாலும் வாயத் தொறந்து சொல்லமாட்டா" என்றான்.

"பட்டாளத்துல ஓட்டுனவனுக்கு நீ பாடம் சொல்லுதியா மாப்ளே?" என்றேன்.

"ரெண்டு பேரும் சும்ம கெடங்க. நான் அண்ணனைப் புடிச்சுக்கிடுதேன்" என்று சொல்லிச் சிரித்தாள் பிலோமி. அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். ரோடு காலியாகக் கிடந்தது. எஞ்சின் பாட ஆரம்பித்தது. அவளுக்கும் அது கேட்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் திருகினேன். பின்னால் இருந்து என்னமோ சொன்னாள், அந்த வேகத்தில் காது கேட்காது. சட்டையைப் பிடித்து இழுத்தாள். சந்தோஷத்தில் இழுக்கிறாள் என்று நினைத்தேன். பிறகும் இழுத்தாள். அப்போது முன்னால் திருச்செந்தூர் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதியைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே. கொற்கைக்கு ரோடு பிரிகிற விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு வளைகிற இடத்தில் அதை முந்தினேன். வண்டி சாய்ந்து, குதித்து, நேரானது. அதற்குப் பிறகு ரொம்ப லேசாக ஓடியது. ஏறுவெயிலில் அவ்வளவு நன்றாக அந்த வண்டி ஓடி நான் பார்த்ததில்லை. ஆத்தூர்ப் பாலம் வந்ததும், பார்த்தியா பிலோமி, பஸ்ஸை எங்கே விட்டோம் என்று கேட்டேன். கழுத்தைத் திருப்பினேன். பின்னால் அவள் இல்லை.

திரும்பிப் போனபோது பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் இறங்கியிருந்தார்கள். யாரோ ஒரு பொம்பிளை தன் முந்தானையால் அவள் முகத்தை மூடியிருந்தாள்.

முடிச்சு நழுவிவிட்டது, ஐயா. மெத்தை நழுவியது, அவள் போனாள். இதில் ஓட்டுகிறவன் செய்ய என்ன இருக்கிறது? வீட்டு வாசலில் அவளைக் கிடத்தியபோது எல்லார் முன்னாலும் சொன்னேன். "உன் முடிச்சு அவுந்துட்டு மாப்ளே. மெத்த நழுவிட்டு." அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தன் கையைத்தான் பார்த்தான். "என் கையாலதான கெட்டுனேன் மச்சான், என் கையாலதான கெட்டுனேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அடக்கம் முடிந்து அந்த மெத்தையைக் கொடு, ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டான். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இவனை விடக் கூடாது என்று. சோறு இறங்கவில்லை, வண்டியைத் தொடவில்லை. அவன் கோவிலில் முழங்காலில் நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் குலை எரிந்தது. ஊரார் அவனைத்தான் தேற்றினார்கள். கொன்றவனைத் தேற்றினார்கள்.

நீங்கள் ஆழ்வார்திருநகரிப் பக்கம் என்று ஏட்டையா சொன்னார். கடல் சமாசாரம் தெரிந்திருக்காது, சொல்கிறேன். குளிக்கிறவன் கல்லில் கால் வைத்துக் கீழே இறங்குவான். அவன் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை வள்ளத்தில் நிற்கிறவன் கையில். கல்லை முதலில் மேலே இழுத்துக்கொள்வோம். அவன் மூச்சு முடிகிறவரை சங்கு பொறுக்கிப் பையில் போட்டுவிட்டு, கயிற்றைச் சுண்டி இழுத்து ஒரு வெட்டு வெட்டுவான். உடனே தூக்க வேண்டும். மேலே ஆள் இருக்கிறான் என்கிற நம்பிக்கையில் கடைசி மூச்சுவரை அடியிலேயே இருந்துவிடுகிறவன் அவன், நீந்தி ஏற மிச்சம் வைக்கமாட்டான். அதனால் எங்களில் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் கயிறு பிடிப்பது. தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் அல்லவா. பெண் செத்துவிட்டால் கயிறு கை மாறும். அதுவும் வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மழை முடிந்து கடல் தெளிந்தது. எங்கள் வள்ளத்தில் இன்னொருவனுக்குக் கயிறு பிடிக்கிற ஞானையா, "ஏலே தஸ்நேவிசு, வேற ஆளப் பாருலே. அதான் முறை" என்று என் காதுபடவே சொன்னான். தஸ்நேவிஸ் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நீதான் புடிக்கணும் மச்சான். அவளுக்கு நான் செஞ்ச பாவத்துக்கு, அவ அண்ணனையும் விலக்கிட்டா நான் மனுசனா?"

"வாரேன் மாப்ளே" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தான்.

நேற்றுக் காலையில் காற்றே இல்லை. அடிமணல் தெரிகிற மாதிரி தண்ணீர். சங்குப் பையை இடுப்பில் கட்டிவிடுவது கயிறு பிடிக்கிறவன் வேலை. அதற்கு உருவு முடிச்சுத்தான் போட வேண்டும். ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் உருவி, பையைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே வந்துவிடலாம். நான் உருவு முடிச்சுப் போடவில்லை. அவன் குனிந்து பார்க்கவில்லை. சிலுவை போட்டான், என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினான்.

கல்லை இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கயிற்றை வெட்டினான். நல்ல வெட்டு. தூக்கவில்லை. மறுபடியும் வெட்டினான். பிறகு விடாமல் இழுத்தான். கயிற்றைப் பிடித்து ஏறப் பார்த்தான், நான் தளர்த்திவிட்டேன். ஏற ஏறத் தளர்த்தினேன். பை நிறையச் சங்கு, அதுவும் கழலாது.

"ஏலே ரோச்சு, கயிறு ஆடுதுலே" என்றான் ஞானையா.

"இன்னும் பொறுக்குதான்" என்றேன்.

அவன் கயிற்றில் இறங்கியிருந்த ஆள் அப்போதுதான் மேலே வந்தான், அவனைத் தூக்கத் திரும்பிவிட்டான் ஞானையா. என் கயிற்றில் ஆட்டம் நிற்கிறவரை நின்றேன். பிறகு தூக்கினேன். அழுதேன். அது நடிப்பு இல்லை, எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது. ஞானையாதான் அவசரத்தில் பையைக் கத்தியால் அறுத்து எடுத்தான். முடிச்சை அவன் கவனிக்கவில்லை.

அவ்வளவுதான், ஐயா. நானே செய்தேன், தெரிந்து செய்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாருக்கும் பங்கில்லை. தூக்கில் போட்டாலும் சரி. ஆனால் எழுதும்போது அவன் செய்ததையும் சேர்த்து எழுதுங்கள். கோவில் சாமியாருக்கு ஆள் அனுப்புங்கள். ஒழுங்காக ஒரு முடிச்சுப் போடத் தெரியாமல் என் தங்கையைக் கொன்றவன், அவள் பக்கத்தில் படுக்கக் கூடாது. சுவரோரத்தில் எங்கேயாவது போடட்டும்.

என்ன பார்க்கிறீர்கள்? ஆமாம், அந்தப் பைதான். உங்களிடம்தான் இருக்கும் என்று நினைத்தேன். முடிச்சு அப்படியே இருக்கிறது பாருங்கள், ஞானையா அதற்குப் பக்கத்தில் அறுத்திருக்கிறான். நகத்தை விட்டுப் பார்க்காதீர்கள், ஐயா, வராது. அது அவன் முடிச்சு. மெத்தைக்குப் போட்டானே, அதே முடிச்சு. அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். வேறு எத்தனையோ முடிச்சு இருக்க, ஏன் இது என்று கேட்கிறீர்கள். மற்றதை நம்ப முடியாது. மூச்சு முட்டுகிறவன் கைக்கு எதுவும் அவிழ்ந்துவிடும். இது ஒன்றுதான் என்ன இழுத்தாலும் அவிழாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிலோமியைக் கொண்டுவந்து கிடத்திய அன்றைக்கு, கேரியரில் இருந்து அந்த மெத்தையைக் கழற்றப் பார்த்துப் பார்த்து, நகம் பிய்ந்து, கடைசியில் கத்தியால்தான் அறுத்தேன்.