மஞ்சள் இல்லாத இருபத்தொன்று

ஓடெட்: கதவைச் சாத்து, பிரெண்டன். இருபத்தொண்ணுன்னு உனக்கு யார் சொன்னா?

பிரெண்டன்: எது இருபத்தொண்ணு?

ஓடெட்: விளையாடாதே. அமெரிக்க எல்லைப் பாலங்களை இருபத்தொரு நாள் மூடணும், சரக்கு லாரியைத் தவிர ஒருத்தரும் வரக்கூடாதுன்னு வரைவு எழுதினது நீ. காலைல மந்திரிசபை ஏத்துக்கிச்சு. நாலு மணிக்குப் பிரதமர் டிவில சொல்லப்போறார்.

பிரெண்டன்: அப்படியேவா ஏத்துக்கிட்டாங்க? அது முடிவான எண் இல்லையே, ஓடெட். அந்த எண் மேல மஞ்சள் கலர் பூசித்தானே குடுத்தேன்.

ஓடெட்: விசாரணைன்னு வந்தா இதைத்தான் சொல்லுவியா? சொல்லு, கேப்போம்.

பிரெண்டன்: தொற்று பரவுற வேகத்துக்கு டாக்டர் குழு எண் சொல்றவரைக்கும் காத்திருக்க முடியாது. வாக்கியம் நிக்கறதுக்கு ஏதோ ஒரு எண் வேணும். போட்டு, மேல மஞ்சள் பூசுவோம். மஞ்சள்னா இன்னும் முடிவாகலைன்னு அர்த்தம். நான் வந்த நாள்லேர்ந்து இதுதான் வழக்கம்.

ஓடெட்: சரி, அந்த ஏதோ ஒண்ணு ஏன் இருபத்தொண்ணு?

பிரெண்டன்: அன்னிக்கு வெளியே குளிர் மைனஸ் இருபத்தொண்ணு டிகிரி. கை அதையே அடிச்சிருச்சு.

ஓடெட்: கடவுளே... ஏப்ரல்ல எழுதியிருந்தா மூணு நாள்தான் மூடியிருப்போம்.

பிரெண்டன்: டாக்டர் குழு பார்த்துத் திருத்தியிருக்கணுமே?

ஓடெட்: அவங்களோ, மந்திரிசபை முடிவு பண்ணியாச்சு, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிட்டாங்க. மந்திரிங்களோ, டாக்டருங்க சொன்ன எண்ணுன்னு நெனச்சுக் கையைத் தூக்கினாங்க.

பிரெண்டன்: அப்போ மஞ்சள் எங்கே போச்சு? மந்திரிசபைக்குப் போற தாள் கலர்லதானே அச்சாகும்... இன்னிக்கு யார் எடுத்தா?

ஓடெட்: கலர் மை தீர்ந்துபோச்சு.

பிரெண்டன்: இன்னிக்கு அதே மெஷின்ல ஹாக்கி போட்டி நோட்டீஸ் மட்டும் சிவப்பும் நீலமுமா வந்துச்சே.

ஓடெட்: போன வாரம் மந்திரிங்க, மூடறது ஏழு நாளா பத்து நாளான்னு அஞ்சு நாள் பேசினாங்க. அஞ்சு நாளும் அந்தப் பக்கத்துலேர்ந்து பஸ் பஸ்ஸா வந்து இறங்கினாங்க. மஞ்சளைக் கண்டா மறுபடி ஆரம்பிப்பாங்க. நான்தான் கறுப்பு வெள்ளைல எடுத்தேன். போ, புகார் குடு.

பிரெண்டன்: குடுக்கலை.

ஓடெட்: அதுதான் இடிக்குது. வரைவுல இருக்கறது உன் பேர். பழி விழுந்தா வேலை போறது உனக்கு. ஏன் குடுக்கலைங்கறே?

பிரெண்டன்: நீங்க எடுத்த தாள் ஒண்ணு மெஷின்லயே கிடந்துச்சு. பத்து மணிக்கே பார்த்துட்டேன்.

ஓடெட்: கூட்டம் பதினொண்ணுக்குத்தானே? ஏன் வந்து நிறுத்தலை?

பிரெண்டன்: போன்ல இருந்தேன்.

ஓடெட்: யார்கூட?

பிரெண்டன்: பாலத்துக்கு அந்தப் பக்கம், பஃபலோல படிக்கிற என் பொண்ணுகூட. பாலம் மூடப்போறாங்க, உடனே கிளம்பி வாம்மான்னேன். ஒரு மணிக்குத் தாண்டிட்டா.

ஓடெட்: ...பஸ்லயா?

பிரெண்டன்: பஸ்லதான். நாப்பது பேரோட... லேசா இருமுறா.