ரொட்டிக்காரருக்குப் பசி

— வாயத் தொறங்க.

— எதுக்கு?

— சும்மா தொறங்க. ஆ...ன்னு.

— நீ என்ன பல் டாக்டரா? அடுப்புல ரெண்டாவது தட்டு வேகுது, விடு.

— முதல் தட்டுல ஒரு ரொட்டி குறையுது. எனக்கு ருசி பாக்கக் குடுத்தது போக, இன்னும் ஒண்ணு. நேத்தும் குறைஞ்சுது.

— எலியா இருக்கும்.

— மீசை வச்ச எலி. கட்டினவளுக்குத் தெரியாதா?

— மாவுத் தூசி உள்ள போயிரக் கூடாதுன்னு முகமூடி மாட்டிக்கிட்டுப் பிசையறேன். திருடன் கூட இவ்வளவு நேரம் மாட்ட மாட்டான். அதுக்குள்ள ரொட்டி எப்படிடி போகும்?

— உங்களுக்கா வழி தெரியாது? ராத்திரி சோத்துப் பானைய வழிச்சு வச்சாச்சு. அவிச்ச முட்டை ஒண்ணு மிஞ்சல. உருளைக்கிழங்கு வேகறதுக்குள்ள மூடியத் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க...

— நான் என்ன பண்ண? கோதுமைய விட்டதுலேருந்து பசி பிடுங்கித் திங்குது. முன்னாடி ரெண்டு வாய் வச்சாலே வயிறு மத்தளமாட்டம் உப்பிரும். தட்டப் பாத்தாலே வெறுப்பு. இப்பத்தான் பசின்னா என்னன்னே தெரியுது.

— தெரியட்டும். அந்தப் பசி ரொட்டிப் பக்கம் திரும்பினா? டாக்டர் என்ன சொன்னார்? ஒரு துணுக்கு கூட...

— குடல் புண்ணாகும். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

— மறுபடி ஆஸ்பத்திரின்னு படுத்தீங்கன்னா நான் வர மாட்டேன். ரொட்டிக்கடைக்காரருக்கு ரொட்டியே ஆகலையான்னு அந்த நர்ஸ் சிரிச்ச சிரிப்பு... விளையாட்டில்லீங்க. எனக்குப் பயமா இருக்கு.

— அடியே, நான் தின்னல.

— என் மேல சத்தியமா?

— உன் மேல சத்தியமா. எதிர்க்கடை டெய்லருக்குக் குடுத்தேன்.

— அந்தாளுக்கா? உங்க கல்யாண நாள் சட்டைய நாசம் பண்ணினான்னு இன்னிக்கு வரைக்கும் திட்டுறீங்க!

— சட்டை தைக்க வராது. ஆனா ருசி தெரிஞ்ச ஆளு. உப்பு கம்மி, தோல் தடிப்பு, எதுவானாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிருவான்.

— ருசி பாக்க நான் எதுக்கு இருக்கேன்? தினம் முதல் ரொட்டிய எங்கிட்டத்தானே நீட்டுறீங்க?

— நீட்டுறேன். நீயும் உள்ள கொண்டு போயி, வாயத் தொடச்சுக்கிட்டே வந்து, 'பிரமாதம்'ங்கிற.

— நல்லா இருந்தா பின்ன என்ன சொல்றதாம்?

— போன வாரம் ஒருநாள் உப்பு போட மறந்துட்டேன். மொத்த மாவுலயும்.

— மொத்த மாவுலயுமா?

— அன்னைக்கும் 'பிரமாதம்'ன்ன. சொல்லிட்டு உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்ட. வாங்கினவன் எல்லாம் திரும்பி வந்து, என் மூஞ்சில வீசாத குறை. வாயில வைக்க முடியாத சாமானை எப்படித்தான் விக்கிறது? கடைய மூடிரலாமான்னு கூட நெனச்சேன்.

— இதெல்லாம் எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?

— என்னன்னு சொல்ல? உன் நாக்கு செத்துப் போச்சுன்னா? அப்புறம் வீட்ல சோறு கிடைக்குமா? நானே பேய்ப் பசியில இருக்கேன்.

— நல்ல ஆளாப் பாத்தீங்க, டெய்லரு...

— பேச்ச மாத்தாத. உப்பில்லாதது உனக்குத் தெரியலையா? இல்ல, நான் வருத்தப்படுவேன்னு மறைச்சியா?

— ரெண்டும் இல்ல.

— பின்ன?

— ருசி பாத்த முதல் நாளு நான் மென்னுக்கிட்டு இருக்கும்போது, முகமூடிக்கு மேல ரெண்டு கண்ண மட்டும் வச்சுக்கிட்டு என் வாயையே பாத்துக்கிட்டு நின்னீங்க. அன்னைக்கே எனக்குத் தொண்டையில எறங்கல. அதுக்கப்புறம் நீங்க குடுக்கிற ரொட்டியெல்லாம் பின் ஜன்னல் வழியா புறாவுக்குத்தான் போகுது... அதுங்க ஒருநாளும் குறை சொன்னதில்லீங்க.