பிரகாஷ் தம்பி

– நீ இன்னா வாங்க வந்துகிறன்னு ஒழுங்கா சொல்லும்மா. ஜவ்வரிசியா, கெழங்கு மாவா?

– வாங்க வரலீங்க ஆதிமூலம் சார். வேலை கேட்டு வந்துகிறேன்.

– வேலையா? மில்லு களத்துல காயப்போட ஆள் நெறைய கீது. எதுக்கும் மேஸ்திரி சின்னதுரைய ஒரு வார்த்தை கேட்டுக்கினு போ.

– களத்து வேலை இல்லீங்க. வெப்சைட் வேலை. என் பேரு தமிழ்மொழி, ஊரு சங்கராபுரம். பதினோரு வருசமா இதுதான் செய்றேன். இத்தினி நாளா ஒரு கம்பெனி வழியா செஞ்சேன். இனிமே நடுவுல யாரும் இல்லாம, நானே நேரா ஆளுங்களப் பாத்து எடுத்து செய்யலாம்னு...

– எங்களுக்குத்தான் சைட்டு இருக்குதேம்மா. நாலு வருசமா ஓடுது. கச்சிராயபாளையத்துல நான் போடற விலைய, இந்தோர்ல குந்திக்கினு ஒரு சேட்டு பாக்கறான்.

– இருக்குதுன்னு தெரியும் சார்.

– தெரிஞ்சுக்கினே வந்தியா? வூடு இருக்கறவங்கிட்ட வந்து வூடு கட்டித் தரேன்னா எப்பிடி?

– விலைப் பக்கம் போன்ல தொறக்க லேட்டாவுது. இந்திப் பக்கத்துல பொங்கல் லீவு அறிவிப்பு இன்னும் அப்பிடியே நிக்குது. அதையெல்லாம் சரி பண்ணா...

– நில்லு நில்லு. இவ்ளோ நோண்டிப் பாத்துகிற. உன்ன யாரு அனுப்பிச்சது? ராஜாங்கம் மில்லுலேர்ந்து வேவு பாக்க வந்தியா?

– ஐயோ, இல்லீங்க. அவரு மில்லுக்கும் போனேன். 'வூட்டுக்காரர வரச் சொல்லு, ஆம்பளைங்க பேசிக்கறோம்'னாரு. வந்துட்டேன்.

– அவன் அப்பிடித்தான் பேசுவான். வுடு.

– இதோட ஒன்பது எடம் ஆச்சு சார். கள்ளக்குறிச்சில நகைக்கடை, ஸ்கூலு, போர்வெல் வண்டிக்காரரு. எல்லாரும், 'இதுக்கு முன்னாடி நீ செஞ்சதக் காட்டு'ன்றாங்க. நாப்பது சைட்டு செஞ்சிருக்கேன். ஒண்ணுலகூட என் பேரு இல்ல.

– அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? எனக்கு பிரகாஷ் தம்பி கீது, சென்னைல. எல்லாம் அதுதான் பாத்துக்குது. மூஞ்சியப் பாத்ததில்ல, மெசேஜ்லதான் பழக்கம். ஆனா கூடப் பொறந்தது மாதிரி. அத வுட்டுட்டு உங்கிட்ட வேலையக் குடுத்தா பாவம்மா.

– அந்த பிரகாஷ்கிட்ட ஒரு தபாவாவது போன்ல பேசியிருக்கீங்களா?

– கூப்ட்டா எடுக்காது. 'மீட்டிங்ல இருக்கேண்ணே'ன்னு எழுதும். கூச்ச சுபாவம்.

– கூச்சம் இல்லண்ணே. எடுத்தா கொரல் தெரிஞ்சுடும்.

– இன்னா சொன்ன?

– பிரகாஷ் நான்தாங்க.

– ஏம்மா, பஸ்ஸ்டாண்டுலேர்ந்து இந்த வெயில்ல நடந்தா வந்த? ஒரு சொம்புத் தண்ணி குடி மொதல்ல.

– எனக்கு ஒண்ணும் ஆவலீங்க. ஆம்பள பேரா இருந்தா கஸ்டமர் நம்புவாங்கன்னு கம்பெனில எனக்கு வெச்ச பேரு அது. நான் சென்னைலயும் இல்ல. சங்கராபுரத்துல எங்க வூட்டுல குந்திக்கினுதான் உங்களுக்கு எழுதினேன்.

– பொய்யி. பிரகாஷுக்கு ரெண்டு பசங்க. மீசை வெச்ச போட்டோ கீது, இதோ பாரு.

– அந்த மீசை யாருதுன்னு எனக்கே தெரியாது. பசங்க ரெண்டும் என் பசங்க.

– அட கடவுளே. 'நீயும் ஆம்பளதான, உனக்குத் தெரியாததா'ன்னு என்னென்னமோ எழுதினேனேம்மா!

– அதெல்லாம் அன்னிக்கே மறந்துட்டேங்க.

– இரு, இரு. கம்பெனில வேற யாராவது என் மெசேஜ படிச்சுட்டு வந்துகூட சொல்லலாம். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. என் வூட்டுக்காரி கமலா தவறினப்போ பிரகாஷுக்கு இன்னா எழுதினேன்?

– அண்ணி மில்லுல வெளக்கு ஏத்தற போட்டோ சைட்ல மொத பக்கத்துல இருந்துச்சு. 'எடுத்துடு தம்பி, பாக்க முடியல'ன்னு எழுதினீங்க. எடுத்துட்டேன்னு சொன்னேன்.

– இது மெசேஜ்லயே கீதே.

– இதுக்கு மேல இருக்கறது அதுல இல்லீங்க. நான் எடுக்கல. உங்க போன்ல மட்டும் தெரியாத மாதிரி பண்ணி வெச்சேன். மத்தவங்க எல்லாருக்கும் அண்ணி அங்கியேதான் இருந்தாங்க. ஒரு மாசம் கழிச்சு, 'அவ மூஞ்சி இல்லாம நம்ம மில்லு மாதிரியே இல்ல, திரும்பப் போடு'ன்னீங்க. அன்னிக்கு உங்க போன்லயும் தொறந்து வுட்டேன்.

– எடுக்கவே இல்லியா?

– ஒரு நாளுகூட எடுக்கல.

– அதான்... காரியத்தன்னிக்கு சேட்டு போன் பண்ணி, 'அம்மா போட்டோவ பாத்துக்கினே பேசறேன்'னான். எனக்கு ஒண்ணும் புரியல அப்போ. குந்தும்மா. நின்னுக்கினே கிறியே, குந்து.

– கோவமாண்ணே?

– கோவமா இல்லியான்னு எனக்கே தெர்ல. நாலு வருசம் தம்பி தம்பின்னுட்டு, இப்ப தங்கச்சின்னா வாய்ல வர மாட்டேங்குது. வந்ததுமே சொல்றதுக்கு இன்னா?

– கம்பெனி கஸ்டமர் யாரையும் நேரா பாக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துகிறேன். அதான் எல்லா எடமும் சுத்திட்டு கடைசியா இங்க வந்தேன். வந்தும் புது ஆளு மாதிரியே பேசிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். கேஸு கீஸுன்னு வந்தா எம்மேலதான் வரும்.

– வரட்டும், வக்கீல வெச்சிப் பாத்துக்கலாம். மலைக்காரங்ககிட்ட நேரா கெழங்கு வாங்கணும்னு எங்கப்பா அந்தக் காலத்துல கல்வராயன் மலைக்கு நடந்தே ஏறினாரு. உனக்கு மட்டும் நடுவுல ஒருத்தன் இன்னாத்துக்கு? அடுத்த மாசத்துலேர்ந்து நீயே பாரு. சைட்டுக்கு அடில உன் பேரப் போட்டுக்கோ, நல்லா பெரிசா.

– எனக்கு மொத ஆளு நீங்கதாண்ணே.

– அழுவாத. டீ வரச் சொல்றேன். ஆமா, அந்தக் கம்பெனிய வுட்டு எப்ப வந்த?

– மார்கழி கடைசில. ஆறு வாரம் ஆவுது. அன்னிக்கே பிரகாஷ் நம்பரு, பாஸ்வேர்டு எல்லாத்தையும் புடுங்கிக்கினாங்க. போறேன்னு உங்களுக்கு ஒரு வரிகூட எழுத முடியல.

– ஆறு வாரமா? எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆயி பத்து நாளுதாம்மா ஆவுது... அப்போ தெனம் காலைல அந்த நம்பர்லேர்ந்து, 'சொட்டு மருந்து வுட்டீங்களாண்ணே'ன்னு கேக்கறது யாரு?